பிளாஸ் பங்களாவின் நடு அறை

கரடிமேட்டில் சுவர்களை நம்பக் கூடாது என்று பிள்ளைகளுக்கு யாரும் தனியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை, அது தாய்ப்பாலோடு சேர்ந்தே உள்ளே போய்விடும். ஏனென்றால் எங்கள் மலையில் பிளாஸ் பங்களா என்று ஒரு வீடு இருக்கிறது, அதே அச்சில் கடலுக்கு அப்பால் வேல்ஸ் தேசத்தில் இன்னொரு வீடு இருக்கிறது, அங்கே எது மாறினாலும் இங்கேயும் அது மாறிவிடும். இதில் வாயைப் பிளக்க ஒன்றுமில்லை. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தொந்தரவு உண்டு, எங்களுக்கு இது. நான் முப்பத்தோரு வருஷம் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்தவன், சர்வேயர் சிங்காரம் என்றால் பஸ் ஸ்டாண்டில் யாரும் வழி காட்டுவார்கள். எதையும் அளக்காமல் நம்ப மாட்டேன், அளந்த பிறகும் கொஞ்சம் சந்தேகத்தை மிச்சம் வைத்திருப்பேன். அந்தப் புத்திதான் ஒரு பெண்ணை அவள் வீட்டை விட்டுக் கிளப்பப் பார்த்தது, ஆகையால் இந்தக் கதையை நானே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

வீட்டைக் கட்டியவர் ஓவன் துரை. அப்பாவுக்கு மூன்றாவது பிள்ளை. அவர்கள் வழக்கப்படி வீடு மூத்தவனுக்கு, மற்றவர்களுக்குக் கப்பல். இங்கே வந்து காப்பித் தோட்டம் போட்டுக் காசு சேர்ந்ததும், எனக்குக் கிடைக்காத வீட்டை நானே கட்டிக்கொள்கிறேன் என்று ஊரில் இருந்த தங்கை மாரிக்குக் கடிதம் எழுதினார். அந்த அம்மாளிடம் அளவு நாடா இல்லையோ, ஓவனுக்கு எதையும் கொடுக்காதே என்று மூத்த அண்ணன் அவளிடம் சொல்லியிருந்தானோ, ஒவ்வொரு சுவரையும் பின்னல் நூலால் அளந்து, அந்த நூலை உருண்டையாகச் சுற்றி, “கூடம், நீளம்” என்றும் “ஏழாவது படி, உயரம்” என்றும் துண்டுச் சீட்டுக் கட்டி, மூட்டை மூட்டையாகக் கப்பலில் அனுப்பினாள். கம்பளி நூல் கடல் ஈரத்தில் சுருங்கிவிட்டது. இங்கே ஒவ்வொரு அறையும் இரண்டு விரல் குறைவு, நானே அளந்து பார்த்திருக்கிறேன்.

வேல்ஸில் இருந்த அந்த மூல வீடு ஒரே ஆள் கட்டியது இல்லை. நடுவில் இருப்பது அறுநூறு வருஷப் பழைய கூடம், சுவர் மூன்று முழம் கனம், சண்டைக்காலத்தில் மாட்டையும் மனிதரையும் சேர்த்து உள்ளே ஓட்டிக் கதவை அடைப்பதற்காகக் கட்டியது. அதற்குள் ஒரு பேரன் செதுக்கு வேலை செய்த மரப்படிக்கட்டை நுழைத்தான். அவனுடைய பேரன் நாகரிகம் தெரிந்தவன், உள்ளே எத்தனை கோணல் இருந்தாலும் வெளியே நேராகத் தெரியட்டும் என்று முன்பக்கம் மட்டும் வரிசை ஜன்னல் வைத்த ஒரு புது முகப்பை ஒட்டினான். பிறகு ஜன்னலுக்கு வரி போட்ட ஒரு ராஜாங்கம் வந்தது, அப்போது இருந்தவன் ஏழு ஜன்னலைக் கல் வைத்து அடைத்தான். இத்தனை பேர் செய்த இத்தனையையும் ஓவன் துரை இரண்டே வருஷத்தில் நம் மலைக் கல்லில் எழுப்பினார், உயரம் தப்பிய ஏழாவது படியோடு, அடைத்த ஜன்னலை அடைத்த ஜன்னலாகவே. “ஜன்னல வச்சுட்டு எதுக்குங்க தொர அடைக்கணும்?” என்று கொத்தனார்கள் கேட்டதற்கு, எங்கப்பா வீட்டில் அப்படித்தான் என்றாராம்.

வீடு முடிந்து ஆறாம் மாதம், ஒரு காலையில் கிழக்குப் புகைக்கூண்டைக் காணோம். இடிந்து விழவில்லை, அது இருந்ததற்கு அடையாளமே இல்லை. இரண்டு மாதம் கழித்து மாரியின் கடிதம் வந்தது: இங்கே புகைக்கூண்டில் இடி விழுந்தது, மூத்த அண்ணன் அதை இறக்கிவிட்டான். அன்று தொடங்கியது. ஊர் ஒரு வாரம் பயந்தது, ஒரு மாதம் பேசியது, பிறகு பழகிக்கொண்டது. கூடம் பச்சையாக மாறிய வருஷம் நாலு கல்யாணத்துக்குப் பச்சைப் பந்தல் போட்டார்கள். எங்கள் மலைக்குக் கரண்ட் வருவதற்கு முப்பது வருஷம் முன்னாலேயே சுவர்களில் சுவிட்சு வந்துவிட்டது, ஊர்ப் பிள்ளைகள் வரிசையில் நின்று போட்டு அணைத்துவிட்டுப் போவார்கள். மாடியில் திடீரென்று ஒரு குளியலறை முளைத்தபோது மட்டும் பெரியவர்களுக்கு உறக்கம் போய்விட்டது. சாமி கும்பிடும் அறைக்கு நேர் மேலே அதை வைத்திருக்கிறார்களே, அந்த வேல்ஸ்காரர்கள் என்ன நினைத்துக்கொண்டு இதைச் செய்கிறார்கள் என்று பஞ்சாயத்தில் மூன்று கூட்டம் நடந்தது. அவர்களை நாங்கள் ஒரு நாளும் நம்பியதில்லை.

நாளடைவில் சோதனை முறையும் ஏற்பட்டது. அங்கிருந்து வந்த மாற்றமென்றால் தொட்டால் மூன்று நாள் சில்லென்று இருக்கும், நனைந்த கம்பளி வாசம் அடிக்கும், தூசி துரும்பு கிடக்காது. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. அந்த வீட்டில் யாரும் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. ஓவன் துரை சாகும்போது வீட்டை எழுதிக்கொடுத்த பட்லர் சின்னப்பனிடம் அதை மட்டும்தான் சொன்னாராம். காலண்டரையும் மாதா படத்தையும் அங்கே நாற்காலியில்தான் சாய்த்து வைத்திருப்பார்கள். ஏன் அடிக்கக் கூடாது என்று யாரும் கேட்கவில்லை, பழக்கம் என்றால் கேட்பார்களா?

சின்னப்பனின் பேரன்கள் இரண்டு பேர். மூத்தவன் சவரியப்பன், மிளகு வியாபாரம், கிழக்குப் பாதி. இளையவன் பிரகாசம் மேற்குப் பாதி, அவன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகு அவன் மனைவி செலின் டீச்சர் தனியாக அங்கே இருந்தாள். பிள்ளை இல்லை, பிறந்த வீடு என்று திரும்பிப் போக ஓர் இடமும் இல்லை. இரண்டு பாதிக்கும் நடுவில் ஓர் அறை, ஜன்னல் அடைத்தது, ஒரே கதவு, அது பொது நடையில் திறக்கும். அந்த அறை யாருக்கு என்று பாகப்பிரிவினையில் முடிவாகவில்லை. அதனால் கதவில் இரண்டு பூட்டு தொங்கியது, ஒன்று அண்ணனுடையது, ஒன்று தம்பியுடையது, உள்ளே இருட்டைத் தவிர ஒன்றுமில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் அந்தக் கதவு இரண்டு பூட்டோடும் மறைந்து, நடையில் வழவழவென்று சுவர் மட்டும் நின்றது. அதே அறைக்குப் புதுக் கதவு ஒன்று செலின் டீச்சரின் சமையலறையில் திறந்தது.

சவரியப்பன் சட்டைகூடப் போடாமல் என் வீட்டுக்கு வந்தார். “சர்வேயரே, நூறு வருசமா அங்கிருந்து வந்தது வந்துச்சு, நானும் ஒண்ணும் சொல்லல. இது அங்கிருந்து வந்ததில்ல. இது அவ வேல. ரூம அவ பக்கம் திருப்பிக்கிட்டா பாருங்க!”

“டீச்சரா? ஒரு ராத்திரியில கதவு மாத்தி சுவர் பூச அவங்க என்ன பூதமா?”

“ஆளு வச்சிருப்பா. இந்த வீட்டுல என்ன நடந்தாலும் வேல்சு மேல பழியப் போட்டுறலாம்னு அவளுக்குத் தெரியாதா?”

அந்த வார்த்தை ஊரைப் பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரில் அதிசயத்தை யாரும் சந்தேகப்பட்டதில்லை. அதிசயம் இல்லாத ஒன்று அதிசயம் மாதிரி வேஷம் போடுகிறதோ என்றுதான் எல்லோருக்கும் சந்தேகம். டீக்கடையில், ரேஷன் கடையில், கோயில் படியில் என்று எங்கும் இதே பேச்சு. டீச்சர் போன மாதம் ஒரு மூட்டை சுண்ணாம்பு வாங்கினாளாமே என்றார் ஒருவர். பள்ளிக்கூடச் சுவருக்கு வாங்கியது என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் வாங்கினாள்தானே? பஞ்சாயத்துத் தலைவர், உபதேசியார், நான் என்று மூன்று பேரைக் கதவைச் சோதித்து வர அனுப்பினார்கள்.

கதவைத் தொட்டோம். சில்லென்றுதான் இருந்தது, ஆனால் அது மார்கழி, எதைத் தொட்டாலும் சில்லென்றுதான் இருக்கும். கம்பளி வாசம் அடிக்கிறது என்றார் உபதேசியார். அவரே கம்பளி போர்த்தியிருந்தார். நான் தரையில் மண்டியிட்டு, பூதக்கண்ணாடி வைத்துத் தேடி, கதவுக்கு ஒரு முழம் தள்ளி ஒரு சிட்டிகை மரத்தூளைக் கண்டுபிடித்துத் தாளில் மடித்தேன். அந்த நிமிஷத்தில் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

“சர்வேயர் ஐயா, அந்தப் பக்கம் ஒரு வயசான அம்மா தனியா இருக்காங்க,” என்றாள் டீச்சர். ஓவன் துரையின் பெட்டியில் கிடந்த கடிதங்களையும் அவருக்குப் பிறகு அங்கிருந்து வந்தவற்றையும் படித்தவள் அவள் ஒருத்திதான். “நெஸ்டான்னு பேரு. மாரியம்மாவோட பேத்தி. கடைசிக் கடுதாசியில, மாடி ஏற முடியல, கூடத்துக்குப் பக்கத்து ரூமுல கட்டில் போட்டுக்கிட்டேன், சமயக்கட்டு தூரமா இருக்குன்னு எழுதியிருந்தாங்க. இப்ப கதவ சமயக்கட்டுப் பக்கம் மாத்தி வச்சிருக்காங்க, அவ்வளவுதான்.”

“கடுதாசி எப்ப வந்துது?” என்றார் தலைவர்.

“எட்டு வருசம் ஆச்சு.”

தலைவர் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பிரித்து மரத்தூளைக் காட்டினேன். முடிந்தது.

சவரியப்பன் அன்றைக்கே கொத்தனார் பெரியானைக் கூட்டி வந்தார். அந்த வீட்டில் ஆணி அடித்தே பழக்கமில்லையே என்று பெரியான் தலையைச் சொறிந்தபோது சவரியப்பன் சொன்ன பதிலை ஊரே ஒப்புக்கொண்டது. “அங்க நடக்குறது இங்க வரும். இங்க நடக்குறது அங்க எப்புடிய்யா போவும்? தண்ணி மேட்டுக்கு ஏறுமா?” நூறு வருஷமாக மேலிருந்து வாங்கியே பழகிவிட்டவர்கள் நாங்கள், எங்கள் கையும் அங்கே எட்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சமையலறைக் கதவைப் பெயர்த்துவிட்டு அந்த இடத்தில் ஒன்றரைக் கல் கனத்துக்குச் சுவர் எழுப்பினார்கள். அறைக்கு இப்போது ஜன்னலும் இல்லை, கதவும் இல்லை. நாலு பக்கமும் சுவர்.

மறுநாள் பதினொன்றரை மணிக்கு அந்த அறைக்குள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

நன்றாக, உரக்க, கோபமாகத் தட்டினார்கள். கிழக்குப் பக்கம் கேட்டது, நடையில் கேட்டது, தெருவில் நின்றவர்களுக்கும் கேட்டது. டீச்சர் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடி வந்து பெரியானின் கையைப் பிடித்தாள். “ஒடைங்கண்ணா! அங்க இப்பத்தான் காலைல ஆறு மணி. எந்திரிச்சுப் பாத்தா கதவு இல்ல. உள்ள மாட்டிக்கிட்டாங்க!”

“பாத்தீங்களா,” என்றார் சவரியப்பன், “சுவர ஒடைக்கச் சொல்றா. நாடகம் எங்க போய் நிக்குது பாத்தீங்களா?”

அவர் மனைவி மதலேனம்மா அடித்துச் சொன்னாள். “அவதான் தட்றா. சமயக்கட்டுல கயிறு கட்டி வச்சிருப்பா. இல்ல, அவுங்க பள்ளிக்கூடத்து ஆளு எவனாச்சும்.”

மூன்று பேரும் கூடி ஒரு முடிவு எழுதிக் கையெழுத்துப் போட்டோம். டீச்சரின் பக்கத்தைப் பூட்டி அரக்கு வைப்பது. மூன்று நாள், காலை மணியிலிருந்து மாலை மணி வரை, அவள் கோயில் வாசலில் இருக்கும் கல் பெஞ்சில் ஊரார் கண் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் மாலை மணி வரைக்கும் அவள் அங்கே இருந்து, இங்கே தட்டும் சத்தமும் கேட்டால், அவள் குற்றமற்றவள், மேற்குப் பாதியும் நடு அறையும் அவளுக்கு. நடுவில் எழுந்து வீட்டுப் பக்கம் போனால் குற்றம் அவளுடையது, வீட்டை விட்டுப் போய்விட வேண்டும். “மூணு நாளா?” என்றாள். “அந்தம்மா தாங்குவாங்களா?” அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, அரக்கு உருக்கிக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் அவள் பெஞ்சில் இருந்தாள், தட்டும் சத்தம் பிசகில்லாமல் கேட்டது. பதினொன்றரைக்குத் தொடங்கி மாலை வரை. ஊர் என்ன செய்தது தெரியுமா? ஆள் வைத்திருக்கிறாள் என்பது உறுதியாகிவிட்டது என்றது. கூரையில் ஏறிப் பார்த்தார்கள், சாக்கடையில் குனிந்து பார்த்தார்கள், பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனின் வருகைப் பதிவைப் பார்த்தார்கள். இரண்டாம் நாள் தட்டல் குறைந்தது, ஆளுக்குக் கை வலிக்கும் போல என்று சிரித்தார்கள். நான் நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு தட்டையும் குறித்தேன். முதல் நாள் நானூற்றுப் பன்னிரண்டு. இரண்டாம் நாள் தொண்ணூற்றாறு.

மூன்றாம் நாள் மதியத்துக்குப் பிறகு மூன்றே மூன்று. கையால் தட்டுகிற சத்தமும் இல்லை, படுத்த இடத்திலிருந்து காலால் உந்துகிற மாதிரி இருந்தது. எனக்கு ஏனோ அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து கோயில் வாசலுக்குப் போனேன்.

டீச்சர் பெஞ்சில் நேராக உட்கார்ந்திருந்தாள். மூன்று நாள் வெயில் அவள் முகத்தில் இருந்தது. சுற்றிலும் ஐம்பது பேர். கடைசி நாள் என்பதால் கூட்டத்தின் குரல்கூடக் கொஞ்சம் மாறியிருந்தது, டீச்சர் ஜெயிச்சுட்டாங்கப்பா என்று ஒருவர் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள்.

“எத்தன தட்டு ஐயா?” என்றாள்.

“மூணு.”

“காலைல இருந்தா?”

“மத்தியானத்துல இருந்து. கடைசித் தட்டு நாலு மணிக்கு.”

அவள் எழுந்துவிட்டாள். எனக்குப் பதறிவிட்டது. “டீச்சர், உக்காருங்க! மணியடிக்க இன்னும் இருபது நிமிசந்தான். உக்காந்துட்டா வீடு ஒங்களுக்கு. அப்புறம் நாமளே போய் ஒடைச்சுக்கலாம்.”

“அந்த இருபது நிமிசம் அவுங்ககிட்ட இருக்கான்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது. அதை நான் அளக்கவில்லை. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள், பிறகு ஓடினாள், வழியில் ரோடு வேலை செய்கிறவர்கள் சாத்தி வைத்திருந்த கடப்பாரையைத் தூக்கிக்கொண்டாள். கூட்டமே பின்னால் ஓடியது. பூட்டையும் என் அரக்கையும் உடைத்து உள்ளே போய், சமையலறைச் சுவரில் குத்தினாள். பெரியான் கட்டிய சுவர், லேசில் பெயராது. அவள் உள்ளங்கை கிழிந்தது. தலை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்ததும் உள்ளிருந்து குளிர்ந்த காற்று புஸ்ஸென்று வந்தது, கரிப்புகையும் நனைந்த கம்பளியும் கலந்த வாசம். அவள் நிறுத்தவில்லை, ஓர் ஆள் நிமிர்ந்து போகும் அளவுக்குத் திறந்த பிறகுதான் கடப்பாரையைப் போட்டாள். அப்போதுதான் கோயில் மணி அடித்தது.

சவரியப்பன் டார்ச்சை எடுத்து அறைக்குள் அடித்துக் காட்டினார். நாலு சுவர், தரை, அவ்வளவுதான். “பாத்துக்கங்க எல்லாரும். யாரு இருக்கா உள்ள?”

யாரும் இல்லை. கூட்டம் ஏமாந்த மாதிரி நின்றது. சற்று முன் ஜெயித்துவிட்டாள் என்றவர்களே, நான் அப்பவே சொன்னேன் என்றார்கள். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பேசினது பேசினதுதான் டீச்சர், நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் டைம் எடுத்துக்கங்க என்றார். அவள் இடிந்த ஓட்டைக்கு முன்னால் உட்கார்ந்து காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு சத்தமும் வரவில்லை.

மறுநாள் அவள் பெட்டி கட்டும்போது, உடைந்த பூட்டைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டு நான் அங்கே போனேன். சமையலறையில் நின்றபோது என் புறங்கையில் எதுவோ விழுந்தது. மரத்தூள். அண்ணாந்து பார்த்தேன், உத்தரத்தில் சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு துளை, அதற்குள் கருவண்டு ஒன்று ரீங்காரம் போட்டுத் துளைத்துக்கொண்டிருந்தது. நேர் கீழே நான் அன்றைக்கு மண்டியிட்ட இடம். அதைத் தலைவரிடம் சொல்லியிருக்க வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கையெழுத்துப் போட்டாயிற்றே, முப்பத்தோரு வருஷத்தில் நான் போட்ட அளவை ஒருவரும் தப்பு என்று சொன்னதில்லையே என்று அந்தப் பாழும் புத்தி சொன்னது.

நாலு மணிக்கு அவள் ஒரு தகரப் பெட்டியோடு மேற்கு வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். எங்கே போவாள் என்று யாரும் கேட்கவில்லை. சவரியப்பன் புதுப் பூட்டோடு வாசலில் தயாராக நின்றார். மதலேனம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டு கிழக்குப் பக்கத்திலிருந்து பார்த்தாள். அவர் கதவைச் சாத்தக் கையை நீட்டித் தள்ளினார். கை காற்றில் போய், ஆள் இரண்டடி முன்னால் தடுமாறினார்.

கதவு இல்லை. கீலும் இல்லை, தாழும் இல்லை. நிலை மட்டும் சில்லென்று நின்றது. என்ன இது என்று அவர் திரும்புவதற்குள் உள்ளே சமையலறைக் கதவு போனது, அதற்குப் பின்னால் நடைக் கதவு, கூடத்துக் கதவு, மாடியில் குளியலறைக் கதவு, ஒவ்வொன்றாக யாரோ பொறுமையாக வீடு முழுக்க நடந்து கழற்றுகிற மாதிரி. கடைசியில் கிழக்கு வாசல். மதலேனம்மா பிடித்துக்கொண்டு நின்ற கதவு அவள் கையிலிருந்தே போய்விட்டது. அந்த வீட்டில் இனி யாரையும் உள்ளே வைத்துப் பூட்டவும் முடியாது, வெளியே வைத்துப் பூட்டவும் முடியாது.

“கதவெல்லாம் எவ எடுத்தா?” என்று சவரியப்பன் கத்தினார். “இவதான் ஆளு வச்சு...”

அவர் முடிக்கவில்லை. தெருவில் டீச்சர் பெட்டியைக் கீழே போட்டிருந்தாள். தெருவிலிருந்து பார்த்தால் இந்தப் பக்க வாசல் வழியாக அந்தப் பக்க வாசலும் அதற்கு அப்பால் காப்பிச் செடியும் தெரிந்தன. அவள் கட்டுப் போட்ட இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அழுகையோடு சிரித்தாள்.

“உசுரோட இருக்காங்க மாமா!” என்றாள். “அந்தம்மா உசுரோட இருக்காங்க!”

நான் போய் அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். சவரியப்பன் வாசலை மறித்து நின்றார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார், பிறகு கையிலிருந்த பூட்டைப் பார்த்தார். நான் மரத்தூளைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும், ஒதுங்கி வழி விட்டார்.